வேலைச்சாலையிலிருந்து முதியோர் இல்லம் வரை

முதுமை எல்லார்க்கும் பொதுவானது. ஆயினும், முதுமையில் தங்குவதற்கு ஓர் இடமும் பேணுவதற்கு ஓர் ஆளும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பெற்றோரைப் பிள்ளைகள் பேணுவதே முறையெனக் கொண்ட சமுதாயங்களிலும், பிள்ளைப்பேறு இல்லாதவர், துணையை இழந்தவர், உற்றாரால் கைவிடப்பட்டவர் என ஒரு சாரார் எக்காலத்தும் இருந்தே வந்துள்ளனர். இத்தகையோரைப் பிறர் பொறுப்பேற்று ஓர் இல்லத்தில் வைத்துக் காக்கும்போது, ஒரு கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. கதவு சாத்தப்பட்ட பின்னர் அவ்வில்லத்தினுள்ளே நடப்பதைப் பார்ப்பவர் யார்? உணவு போதுமா, படுக்கை தூயதா, நோயுற்றால் மருந்து கிடைக்கிறதா, நெருப்புப் பற்றினால் வெளியேற வழியுண்டா என்றெல்லாம் கேட்பவர் யார்?

இக்கேள்விக்கு விடைகாண முயன்ற நாடுகளுள் இங்கிலாந்தின் வரலாறு நீண்டது. அங்கு நடந்தவை பாராளுமன்ற அறிக்கைகளிலும் விசாரணைக் குழுக்களின் ஏடுகளிலும் விரிவாகப் பதியப்பட்டுள்ளமையால், ஒவ்வொரு சீர்திருத்தமும் எதனால் வந்தது என்பதைத் தெளிவாக அறிய முடிகிறது. அவ்வரலாற்றில் பெருமைக்குரிய செய்திகளும் உள. நாணத்திற்குரிய செய்திகளும் உள.

முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தில், 1601ஆம் ஆண்டில், ஏழையர் சட்டம் நிறைவேறியது. வறியோரைக் காக்கும் கடமையை அச்சட்டம் ஒவ்வொரு கோவிற்பற்றின் மீதும் சுமத்தியது. நிலமும் வீடும் உடையோரிடம் ஏழையர் வரி திரட்டப்பட்டது. உழைக்க இயலாத முதியோர்க்குப் பெரும்பாலும் அவர்கள் வாழ்ந்த குடிசையிலேயே பணமாகவோ உணவாகவோ உதவி சென்றது. கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே ஊரினர். ஒருவரையொருவர் பெயர்சொல்லி அறிந்தவர். இவ்வுதவி குறைவுடையதே. எனினும் அது நாற்சுவருக்குள் மறைந்த ஒன்றாக இருக்கவில்லை.

1834ஆம் ஆண்டின் ஏழையர் திருத்தச் சட்டம் இம்முறையை மாற்றியது. வரிச்சுமை பெருகிவிட்டதென்றும், எளிதாகக் கிடைக்கும் உதவி மக்களைச் சோம்பேறிகளாக்குகிறதென்றும் அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். பல கோவிற்பற்றுகள் ஒன்றாக இணைக்கப்பட்டு, ஒவ்வோர் இணைப்பிற்கும் ஒரு வேலைச்சாலை அமைக்கப்பட்டது. வேலைச்சாலையின் வாழ்க்கை வெளியே வாழும் மிக ஏழையான தொழிலாளியின் வாழ்க்கையிலும் தாழ்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. அப்பொழுதுதான் உண்மையான தேவையுடையோர் மட்டுமே அதன் வாயிலை நாடுவர் என எண்ணினர்.

இக்கொள்கை உடல் வலிமையுள்ள இளைஞரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. முதியோர்க்கும் நோயாளர்க்கும் தனிக்கட்டடங்கள் அமைய வேண்டுமென்றே சட்டத்திற்கு முன்வந்த அறிக்கை கூறியிருந்தது. ஆனால், தனிக்கட்டடங்கள் எழுப்புவது செலவு மிக்கது. ஆகவே நடைமுறையில் முதியோர், குழந்தைகள், நோயாளர், சித்தம் கலங்கியோர், வேலையற்றோர் யாவரும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டனர். சோம்பேறியை அச்சுறுத்துவதற்கென வகுத்த விதிகள், எழுந்து நடக்க மாட்டாத கிழவரையும் கட்டுப்படுத்தின. சீருடை, குறித்த நேர உணவு, ஆண் பெண் பிரிவு ஆகியவை எல்லார்க்கும் பொதுவாயின. நாற்பது ஆண்டு கூடி வாழ்ந்த கணவனும் மனைவியும் வெவ்வேறு முற்றங்களில் அடைக்கப்பட்டனர். அறுபது வயது கடந்த தம்பதியரைப் பிரித்து வைத்தல் கட்டாயமன்று எனச் சட்டம் செய்வதற்கு 1847ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில்தான் அண்டோவர் என்னும் ஊரின் வேலைச்சாலை நாடெங்கும் பேசப்படலாயிற்று. அங்கிருந்தோர்க்கு எலும்புகளை இடித்து உரமாக்கும் வேலை கொடுக்கப்பட்டிருந்தது. விதிக்கப்பட்ட உணவே குறைவு. அதிலும் ஒரு பகுதியை வேலைச்சாலைத் தலைவர் தமக்கென எடுத்துக் கொண்டார். பசி பொறுக்கமாட்டாதவர்கள், இடிப்பதற்கு வந்த அழுகிய எலும்புகளில் ஒட்டியிருந்த தசையையும் உள்ளிருந்த மச்சையையும் சுரண்டித் தின்றனர் என்ற செய்தி 1845ஆம் ஆண்டில் வெளிவந்தது. பரிபாலன சபையின் உறுப்பினர் ஒருவரே இதனை வெளிப்படுத்தினார். மருத்துவரும் பாராளுமன்ற உறுப்பினருமான தோமஸ் வேக்லி மக்கட்சபையில் வினா எழுப்பினார். 1846இல் பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது. 1847இல் ஏழையர் சட்ட ஆணைக்குழு ஒழிக்கப்பட்டு, பாராளுமன்றத்திற்குப் பொறுப்புக் கூறும் ஏழையர் சட்டச் சபை அமைக்கப்பட்டது.

இங்கு கருதத்தக்கது ஒன்றுண்டு. அண்டோவரில் விதிகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொருவர்க்கும் எத்தனை அவுன்ஸ் ரொட்டி என்பதுவரை மேலிடம் வகுத்திருந்தது. மேற்பார்வைக்கென உதவி ஆணையாளரும் இருந்தார். ஏட்டில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஏட்டிலுள்ள ரொட்டி தட்டில் விழுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் ஆளில்லை.

அவ்வாறு பார்க்கப் புகுந்தவர்களுள் லூயிசா ருவைனிங் என்னும் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். தம் குடும்பத்திற்கு அறிமுகமான முதிய தாதி ஒருத்தியைக் காண்பதற்காக 1853ஆம் ஆண்டில் அவர் இலண்டனில் ஒரு வேலைச்சாலைக்குச் சென்றார். அங்குக் கண்ட காட்சி அவரை வருத்தியது. பெண்கள் சிலர் முறையாகச் சென்று உள்ளிருப்போரைப் பார்த்துவர அனுமதி வேண்டினார். அனுமதி எளிதிற் கிடைக்கவில்லை. அந்நியர் உள்ளே நுழைவது ஒழுங்கைக் கெடுக்கும் என்று அதிகாரிகள் அஞ்சினர். விடாமுயற்சியால் 1858இல் அவர் வேலைச்சாலை தரிசிப்போர் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தார் கையில் அதிகாரம் எதுவுமில்லை. அவர்கள் போய்ப் பார்த்தனர், பேசினர், கண்டதை எழுதினர். அதுவே பெரிய மாறுதலுக்கு வித்தாயிற்று.

வேலைச்சாலைகளின் நோயாளர் பகுதிகளில் நோயாளரைக் கவனித்தோர் பயிற்சி பெற்ற தாதியர் அல்லர். அதே வேலைச்சாலையில் தங்கியிருந்த ஏழைப் பெண்களே அப்பணியைச் செய்தனர். அவர்களுட் பலர் தாமே முதியவர். மருந்துப் புட்டியின் எழுத்தை வாசிக்கத் தெரியாதவர். இலண்டன் ஸ்ட்ராண்ட் வேலைச்சாலையின் வைத்தியராயிருந்த ஜோசப் றொஜர்ஸ், நோயாளர் படுத்திருந்த அறைகளின் சாளரங்களுக்குக் கீழேயே வருமானத்திற்காகக் கம்பளங்களை அடித்துத் தூசு தட்டும் வேலை நடந்ததை எதிர்த்துப் போராடினார். வேக்லி நிறுவிய ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழ், 1865ஆம் ஆண்டில் இலண்டன் வேலைச்சாலைகளுக்கு வைத்தியர்களை அனுப்பி, அவர்கள் கண்டவற்றை வெளியிட்டது. அதே ஆண்டில் லிவர்பூல் வேலைச்சாலை நோயாளர் பகுதிக்கு, புளோரன்ஸ் நைற்றிங்கேலின் கல்லூரியிற் பயின்ற பன்னிரு தாதியருடன் ஆக்னஸ் ஜோன்ஸ் பொறுப்பேற்றார். 1868இல் அவர் நச்சுக் காய்ச்சலால் இறந்தார். அதற்குள், பயிற்சி பெற்றோர் பணியாற்றினால் ஏழையர் நோயாளர் பகுதியையும் ஒழுங்குறச் செய்யலாம் என்பதைக் காட்டிவிட்டார். 1867இல் நிறைவேறிய மாநகர் ஏழையர் சட்டம், இலண்டனில் நோயாளரை வேலைச்சாலையிலிருந்து பிரித்துத் தனி வைத்தியசாலைகளில் வைக்க வழிசெய்தது.

முதியோர் நிலை மட்டும் மெல்லவே மாறியது. முதியவர்க்குப் புகையிலை வழங்கலாம் என 1892இலும், முதிய பெண்கள் விரும்பிய வேளையில் தாமே தேநீர் தயாரிக்கத் தேயிலையும் சீனியும் பாலும் வழங்கலாம் என 1894இலும் அனுமதி பிறந்தது. தேயிலை ஒரு சிட்டிகை எனினும், எப்பொழுது தேநீர் அருந்துவது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அத்துடன் வந்தது. 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தின்படி, எழுபது வயது நிரம்பிய ஏழையர்க்கு 1909 ஜனவரி முதல் வாரந்தோறும் ஐந்து ஷில்லிங் கிடைத்தது. வேலைச்சாலைக்குப் போகாமலே காலந்தள்ள அது பலர்க்கு உதவியது. 1930இல் பரிபாலன சபைகள் கலைக்கப்பட்டு, வேலைச்சாலைகள் உள்ளூராட்சி மன்றங்களின் கைக்கு மாறின. பெயர் மாறிற்று, கட்டடமும் நீண்ட படுக்கை வரிசைகளும் மாறவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் 1948ஆம் ஆண்டில் தேசிய உதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலவிய ஏழையர் சட்டம் அன்றோடு ஒழிந்தது. முதியோர்க்குத் தங்குமிடம் அளித்தல் உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாயிற்று. செல்வர் விடுதிகளிற் பணம் கொடுத்துத் தங்குவதுபோல, முதியவரும் தம் ஓய்வூதியத்திலிருந்து வாடகை செலுத்தி, இருபத்தைந்து முப்பது பேர் வாழும் சிறிய இல்லங்களில் விருந்தினராகத் தங்க வேண்டும் என்பது அமைச்சர் அன்யூரின் பெவனின் கருத்து. ஓய்வூதியம் இருபத்தாறு ஷில்லிங். அதில் இருபத்தொரு ஷில்லிங் இல்லத்திற்கு. ஐந்து ஷில்லிங் முதியவரின் கைச்செலவிற்கு. கையில் ஐந்து ஷில்லிங் உள்ளவர் பிச்சை ஏற்பவரல்லர் என்பதே அத்திட்டத்தின் உட்கருத்து. தனியார் நடத்தும் முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்படவும் பரிசோதிக்கப்படவும் வேண்டும் என்பதையும் அச்சட்டம் விதித்தது.

பத்தாண்டு கழிந்தபின், இவ்வெண்ணம் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை ஆராயப் பீற்றர் ரவுன்சென்ட் என்னும் சமூகவியலறிஞர் புறப்பட்டார். இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களை அவர் நேரிற் கண்டார். புதிதாகச் சேர்ந்த முதியவர்களுடன் உரையாடினார். ஓரிடத்திற் பணியாளராகவும் வேலை செய்து பார்த்தார். அவ்வாராய்ச்சி ‘கடைசிப் புகலிடம்’ எனப் பொருள்படும் பெயருடன் 1962இல் நூலாக வெளிவந்தது. பழைய வேலைச்சாலைக் கட்டடங்கள் இன்னும் முதியோரால் நிறைந்திருந்ததை அந்நூல் காட்டியது. பெரிய கூடங்களில் நெருங்கிய கட்டில்கள். சொந்தப் பொருள் வைக்க இடமின்மை. சுவரோரம் வரிசையாக இடப்பட்ட நாற்காலிகளில் நாள் முழுவதும் பேச்சின்றி அமர்ந்திருந்தோர்.

ரவுன்சென்டின் ஆராய்ச்சியில் மற்றொரு சிறப்பும் உண்டு. ஓர் இல்லத்தின் தரத்தைக் கட்டடத்தையும் உணவையும் மட்டுங்கொண்டு அவர் அளக்கவில்லை. பணியாளரின் தகுதி, செய்வதற்கேற்ற வேலையும் பொழுதுபோக்கும், அன்றாட வாழ்வின் சுதந்திரம், வெளியுலகத் தொடர்பு ஆகியவற்றையும் அளவுகோல்களாகக் கொண்டார். தூய்மையான புதிய இல்லங்களிலும், முதியவர் தம் வேலையையும் நட்பையும் தனிமையையும் இழந்து மெல்லத் தளர்வதை அவர் கண்டார். முதியோரை இயன்றவரை அவர்தம் வீட்டிலேயே வைத்துத் துணைசெய்ய வேண்டும் என்பது அவர் முடிவு.

அதன்பின் வந்த விதிகள் சில உயிர்களை விலையாகப் பெற்றே வந்தன. 1974 டிசம்பரில் நொட்டிங்ஹாம் அருகே எட்வோல்ற்றன் என்னுமிடத்தில், பெயாபீல்ட் முதியோர் இல்லம் இரவில் தீப்பற்றி எரிந்தது. பதினெண்மர் மாண்டனர். அது பழைய வேலைச்சாலையன்று. புதிய முறையில் விரைவாகக் கட்டப்பட்ட கட்டடம். கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே தடுப்பின்றி விடப்பட்ட வெளியில் நெருப்பும் புகையும் விரைந்து பரவின. கட்டடத்தின் மறைவான இடைவெளிகளையும் பரிசோதிக்க வேண்டும் என்ற பாடத்தை அது கற்பித்தது.

ஆயினும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2004 ஜனவரி 31ஆம் நாள், ஸ்கொட்லாந்தில் அடிங்ஸ்ரன் என்னும் ஊரின் றோஸ்பார்க் இல்லத்திற் பதினான்கு முதியோர் இறந்தனர். மின்பெட்டி இருந்த ஓர் அலுமாரியில் தீ தொடங்கியது. படுக்கையறைக் கதவுகள் பல திறந்திருந்தமையாற் புகை உள்ளே புகுந்தது. தீயணைப்புப் படையை அழைப்பதிலும் தாமதம் ஏற்பட்டது. 2011இல் வெளிவந்த விசாரணை முடிவு, முன்கூட்டியே ஆபத்துகளை முறையாக ஆராய்ந்து, பணியாளரைப் பயிற்றியிருந்தால் உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம் என்பதைக் காட்டியது. சாத்திய கதவு ஒன்று ஓர் உயிரின் விலை பெறும் என்பதை அவ்விரவு உணர்த்திற்று.

இதற்கிடையில் இல்லங்களின் உடைமையும் மாறியிருந்தது. 1980ஆம் ஆண்டுக்குப் பின், வசதியற்ற முதியவர் தனியார் இல்லத்திற் சேர்ந்தால் அரசினர் நிதியிலிருந்து கட்டணம் பெறும் வழி எளிதாயிற்று. 1979இல் ஏறத்தாழ ஒரு கோடி பவுணாக இருந்த இச்செலவு, பத்தே ஆண்டுகளில் நூறு கோடி பவுணை எட்டியது. தனியார் இல்லங்கள் எங்கும் தோன்றின. 1984இல் பதிவு பெற்ற இல்லங்கள் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் வெளிவந்த நடைமுறைக் கோவை ஒன்று, முதியவரின் தன்மதிப்பு, தனிமை, தெரிவுரிமை என்பனவற்றைத் தரத்தின் அடிப்படைகளாக எடுத்துரைத்தது.

2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரச் சட்டத்தின் கீழ், 2002 ஏப்ரலில் முதன்முறையாக நாடு முழுவதற்குமான குறைந்தபட்சத் தரங்கள் நடைமுறைக்கு வந்தன. அவை முப்பத்தெட்டு. புதிய இல்லங்களில் தனியறை பன்னிரண்டு சதுர மீற்றருக்குக் குறையலாகாது. முதியவர் உடலில் வெந்நீர் பட்டுப் புண்ணாகாதபடி நீரின் வெப்பம் 43 பாகை அளவில் இருத்தல் வேண்டும். சக்கர நாற்காலி செல்லுமளவு கதவு அகலமாக இருத்தல் வேண்டும். பணியாளரிற் பாதிப்பேராவது தகுதிச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். இவை போன்ற விதிகள் சிறியனவாகத் தோன்றலாம். கொதிநீரில் வெந்தவர்களையும் கதவிடுக்கில் தவித்தவர்களையும் அறிந்தவர்க்கு அவை சிறியனவல்ல. எனினும், அறையின் அளவு பற்றிய விதியால் தம் இல்லங்களை மூடநேரும் என்று பழைய இல்லங்களின் உரிமையாளர் முறையிட்டனர். அரசினர் 2003இல் அவ்விதியைப் பழைய இல்லங்களின் மீது கட்டாயப்படுத்தாது விட்டனர். தரத்தை உயர்த்தினால் இடம் குறையும். இடத்தைக் காத்தால் தரம் தாழும். எந்த நாடும் இவ்விடர்ப்பாட்டை எளிதில் தீர்த்ததில்லை.

2009இல் பராமரிப்புத் தர ஆணைக்குழு மேற்பார்வையை ஏற்றது. முப்பத்தெட்டுத் தரங்களுக்குப் பதிலாக 2010இல் வேறு விதிகள் வந்தன. 2014 முதல் இல்லங்கள் நான்கு படிகளாகத் தரப்படுத்தப்பட்டு, அம்முடிவுகள் பொதுமக்கள் அறிய வெளியிடப்படலாயின. பாதுகாப்பானதா, பயன் தருவதா, பரிவுடையதா, தேவைக்கேற்ப இயங்குவதா, நன்கு நடத்தப்படுவதா என்ற ஐந்து வினாக்களுக்குப் பரிசோதகர் விடை காண்கின்றனர்.

இம்முறையைப் பெருஞ்சோதனைக்கு உட்படுத்தியது 2020ஆம் ஆண்டின் கொவிட் கொள்ளைநோய். வைத்தியசாலைகளில் இடம் தேவைப்பட்டமையால், முதியோர் பலர் நோய்ப் பரிசோதனையின்றியே இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். அதே மார்ச் மாதத்தில் பரிசோதகரின் வழக்கமான வருகைகள் நிறுத்தப்பட்டன. உறவினர் வருகையும் நின்றது. மார்ச் தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை, இங்கிலாந்திலும் வேல்சிலும் இல்லங்களில் வாழ்ந்தோருள் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயின் தொடர்பால் இறந்தனர். நோய்க்குறி இல்லாதவர்களைத் தனித்து வைக்க அறிவுறுத்தாமல் இல்லங்களுக்கு அனுப்பிய கொள்கை சட்டத்திற்கு மாறானது என 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயின் கடைசி நாட்களில் சாளரக் கண்ணாடிக்கு வெளியே நின்று கைகாட்டிய மக்களின் துயர் எளிதில் மறக்கப்படவில்லை. முதியவர் தம்மைக் காண வருவோரை ஏற்கும் உரிமையை இல்லங்கள் மறுத்தலாகாது என்னும் விதி, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. லூயிசா ருவைனிங் அனுமதி கேட்டு நின்ற வாயில், ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளின் பின்னர் சட்டத்தினாற் திறக்கப்பட்டது.

இலங்கையும் இவ்வினாக்களுக்குப் புறம்பானதன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேற்பட்டோர் அறுபது வயதை எட்டியவர். பிள்ளைகள் கடல்கடந்து வாழும் குடும்பங்களும் பல. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோர்க்கான தேசிய சபையை அமைத்து, முதியோரைத் தங்கவைத்துப் பேணும் நிலையங்கள் பதிவு செய்யப்படவும் வழிவகுத்தது. பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகளுக்கும் அச்சட்டம் நினைவூட்டுகிறது.

பதிவு என்பது முதற்படியே. அண்டோவரிலும் ஏடுகள் இருந்தன. பெயாபீல்டிலும் புதுக்கட்டடம் இருந்தது. நெருப்புக்குத் தடுப்பும், வெந்நீருக்கு அளவும், பணியாளருக்குப் பயிற்சியும் சட்டத்தால் விதிக்கப்பட வேண்டியவை. அவற்றைப் பரிசோதகர் அளந்தறியலாம். ஆனால், நாற்காலியில் நாள் முழுவதும் பேச்சின்றி இருப்பவரின் குறையை அளவுகோல் காட்டாது. அவரை அறிந்த ஒருவர், வாரத்தில் ஒரு நாளாவது வந்து அருகிலிருந்து, ‘சாப்பிட்டீர்களா, இரவு உறக்கம் வந்ததா?’ என்று கேட்டு, விடையைப் பொறுமையுடன் கேட்டாலன்றி அது வெளிப்படாது. அயலிலுள்ள முதியோர் இல்லத்திற்குச் சென்று அவ்வாறு கேட்டு வருவது, எவர்க்கும் இயலக்கூடிய காரியம்.